பத்து மில்லி ரத்தத்தில் நுரையீரல் புற்றுநோயைத் தேடுவது எப்படி: மெத்திலேஷன் குறிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கணக்கு.

ஒருவரிடம் 10 மில்லி ரத்தம் எடுக்கிறோம். அணுக்களைச் சுழற்றிப் பிரித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 4 மில்லி பிளாஸ்மா. அதில் மிதக்கும் டி.என்.ஏ மில்லிக்கு 5 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 நானோகிராம். ஒரு நானோகிராமில் மனித ஜீனோமின் (முழு டி.என்.ஏத் தொகுதியின்) சுமார் 300 பிரதிகள் இருக்கும், ஆக 6,000 பிரதிகள். இப்போது நுரையீரலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது. மிதக்கும் டி.என்.ஏவில் அதிலிருந்து வந்தது பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்ளுங்கள். ஆரம்ப நிலையில் இதைவிடக் குறைவாக இருப்பதும் சகஜம். 6,000-ஐப் பத்தாயிரத்தால் வகுத்தால் 0.6.

அதாவது, நாம் தேடும் மரபணுவின் கட்டிப் பிரதி, சராசரியாக ஒன்றுகூட அந்தக் குழாயில் இல்லை. இப்படி நூறு பேரிடம் ரத்தம் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்ட குழாய்களில் பூஜ்யம்தான் இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கருவியை வாங்கி வைத்தாலும் குழாயில் இல்லாததை அது காட்டாது.

இந்தத் துறையில் வரும் எந்தச் செய்தியையும், எந்த விளம்பரத்தையும் இந்த 0.6-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். மெத்திலேஷன், அதாவது டி.என்.ஏ மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதிக் குறி (படி 1-ல் விரிவாகப் பார்ப்போம்). அதன் பக்கம் இத்தனை பேர் திரும்பியதற்குக் காரணமும் இதே எண்தான். மரபணுப் பிறழ்வைத் தேடினால் ஒரு கட்டியில் பிடிக்கத் தோதானவை சிலவே, அவையும் ஆளுக்கு ஆள் வேறு. மெத்திலேஷன் மாற்றமோ ஒரே கட்டியில் ஆயிரக்கணக்கான இடங்களில் நடந்திருக்கும், பல இடங்கள் பலருக்கும் பொதுவாக இருக்கும். ஓரிடத்தை மட்டும் பார்த்தால் 0.6 துண்டு. நூறு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் 60 துண்டு. தேடிப் பார்க்கலாம் என்ற தைரியம் அங்கேதான் வருகிறது.

படி 1: மெத்திலேஷனைப் புரிந்துகொள்வது

டி.என்.ஏவின் நான்கு எழுத்துகள் ஏ, டி, ஜி, சி. இதில் சி எனப்படும் சைட்டோசினின் ஐந்தாவது கார்பனில் ஒரு மெத்தில் குழு ஒட்டிக்கொள்வதுதான் மெத்திலேஷன். பாடநூல் தமிழில் மெத்திலேற்றம். மனிதரில் இது பெரும்பாலும் சி-யை அடுத்து ஜி வரும் இடங்களில் நடக்கும். அந்த ஜோடிக்கு சிபிஜி என்று பெயர். நம் ஜீனோமில் சுமார் 2.8 கோடி சிபிஜி இருக்கின்றன. அவற்றில் 70 முதல் 80 விழுக்காட்டில் மெத்தில் உட்கார்ந்திருக்கும்.

தமிழ் படிப்பவருக்கு இதைச் சொல்ல ஒரு நல்ல வழி உண்டு. ‘க’ மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’. எழுத்தின் உருவம் மாறவில்லை, ஆனால் உள்ளிருந்த உயிர் அடங்கிவிட்டது. மெத்தில் அந்தப் புள்ளி மாதிரி. மரபணுவின் தொடக்கத்தில் சிபிஜிகள் நெருக்கமாக இருக்கும் பகுதியை சிபிஜி தீவு என்பார்கள். வழக்கமாக அங்கே மெத்தில் இருக்காது, மரபணு வேலை செய்யும். அந்தத் தீவு முழுக்கப் புள்ளி விழுந்தால் மரபணு வாயடைத்துப் போகும்.

புற்றுநோயில் இரண்டும் தலைகீழாகின்றன. ஜீனோம் முழுக்கப் பார்த்தால் மெத்தில் குறைகிறது. இதை ஃபைன்பெர்கும் வோகல்ஸ்டைனும் 1983-ல் காட்டினார்கள். அதே நேரம், செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்களின் தீவுகளில் மெத்தில் ஏறுகிறது. நுரையீரலில் இதற்குப் பழைய உதாரணம் பி16 என்ற மரபணு. 1998-ல் பெலின்ஸ்கி குழு, பி16-இன் மெத்திலேஷன் புற்றாக மாறுமுன்பே, முன்னோடிப் புண்களிலேயே தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. ‘முன்கூட்டியே கண்டறிதல்’ என்ற நம்பிக்கையின் வேர் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

படி 2: கேள்வியை முடிவு செய்வது

பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு, மூன்று வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். குறி எதுவாகவும் இருக்கட்டும், யாரிடம் எதற்காகப் பயன்படுத்தப் போகிறோம்? குறைந்தது மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, எந்த அறிகுறியும் இல்லாதவர்களில் நோயைத் தேடுவது. இங்கே போட்டி, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேனோடு. 53,454 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2011-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், அந்த ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய்ச் சாவை 20 விழுக்காடு குறைத்தது. சாவைக் குறைத்துக் காட்டிய முறை அது, ஆகவே புதிதாக வருகிறவர் அதன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அதற்கும் குறை உண்டு: அந்த ஆய்வில் ‘ஏதோ இருக்கிறது’ என்று வந்த ஸ்கேன்களில் 96.4 விழுக்காடு புற்றுநோய் அல்ல.

இரண்டு, ஸ்கேனில் ஒரு முடிச்சு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அது புற்றா, பழைய தழும்பா? ஊசி குத்திப் பார்க்கலாமா, ஆறு மாதம் காத்திருக்கலாமா? நம் நாட்டுக்கு இந்தக் கேள்விதான் நெருக்கமானது. காசநோய் வந்து ஆறிய தழும்பு நுரையீரலில் இருப்பவர்கள் இங்கே ஏராளம், ஸ்கேனில் அதுவும் முடிச்சாகத்தான் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. புற்றுநோயைக் காசநோய் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, நோய் முற்றியபின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்து சேரும் நோயாளிகளை இங்குள்ள மருத்துவர்கள் வாடிக்கையாகப் பார்க்கிறார்கள்.

மூன்று, சந்தேகம் பலமாக இருந்து மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய குழாய்) விட்டாயிற்று, உள்ளே நீர் விட்டுக் கழுவி உறிஞ்சிய கழுவுநீரும் எடுத்தாயிற்று. ஆனால் நுண்ணோக்கியில் புற்றுசெல் கண்ணில் படவில்லை. அந்தக் கழுவுநீரிலேயே வேறு ஏதாவது பார்க்க முடியுமா?

இந்த மூன்றில் மெத்திலேஷன் நன்றாக வேலை செய்வது மூன்றாவதில்தான். பத்திரிகைகள் பேசுவது முதலாவதைப் பற்றி.

படி 3: குறியைக் கண்டுபிடிப்பது

கட்டித் திசுவையும் பக்கத்திலிருக்கும் நல்ல திசுவையும் எடுத்து, எந்தெந்த சிபிஜியில் வித்தியாசம் என்று பார்ப்பது வழக்கமான தொடக்கம். சொந்தமாக மாதிரி இல்லையென்றாலும் தொடங்கலாம். டி.சி.ஜி.ஏ என்ற அமெரிக்கப் புற்றுநோய் ஜீனோம் திட்டத்தில் நுரையீரலின் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் இரண்டு வகைகளுக்கும் மெத்திலேஷன் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலானவை இல்லுமினா நிறுவனத்தின் 450கே என்ற அளக்கும் சில்லில் ஓட்டியவை, அதாவது நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட சிபிஜி.

நான்கரை லட்சத்தில் தேடும்போது, தற்செயலுக்கு இருபதில் ஒரு வாய்ப்பு என்ற வழக்கமான அளவுகோலை வைத்தால், ஒன்றுமே இல்லாத தரவிலும் 22,500 ‘குறிகள்’ கிடைக்கும். ஆகவே பலமுறைச் சோதனைக்கான திருத்தம் கட்டாயம். அப்புறம் சில்லில் மாதிரிகளை வைக்கும் வரிசை. ஒரு 450கே சில்லில் 12 மாதிரி போகும். நோயாளிகள் 12 பேரை ஒரு சில்லிலும் நோயில்லாதவர் 12 பேரை இன்னொன்றிலும் வைத்தால், பிறகு தெரியும் வித்தியாசம் நோயுடையதா சில்லுடையதா என்று யாராலும் பிரிக்க முடியாது. கலந்து வையுங்கள்.

அடுத்த வடிகட்டலை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: இரத்த வெள்ளையணுக்களில் அந்த இடம் எப்படி இருக்கிறது? பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏவில் பெரும்பகுதி இரத்த அணுக்கள் சாகும்போது வெளியேறியதுதான். கட்டியில் 80 விழுக்காடு மெத்தில், நல்ல நுரையீரலில் 2 விழுக்காடு என்று பார்த்ததும் துள்ளத் தோன்றும். அதே இடம் வெள்ளையணுவில் 5 விழுக்காடு என்றால் முடிந்தது கதை. 6,000 பிரதிகளில் 5 விழுக்காடு 300. நம் 0.6 அந்த 300-க்குள் மூழ்கிப்போகும். ரத்தக் குறிக்கு வெள்ளையணுவில் பூஜ்யமே வேண்டும், ‘குறைவாக இருக்கிறது’ என்பது போதாது.

இதுவரை வந்த குறிகளில் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பி16, எம்.ஜி.எம்.டி, டி.ஏ.பி.கே, ஜி.எஸ்.டி.பி.1: முதல் தலைமுறை மரபணுக்கள். 1999-ல் எஸ்டெல்லர் குழு இந்த நான்கையும் 22 நோயாளிகளில் பார்த்தது. 15 பேரின் கட்டியில் ஏதாவது ஒன்றில் மெத்தில் இருந்தது, அந்த 15-ல் 11 பேரின் சீரத்திலும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) அது தெரிந்தது. 2000-ல் வேறொரு குழு சளியில் பார்த்தது. ஸ்குவாமஸ் வகை வந்தவர்களின் சேமித்து வைத்த சளியில், நோய் கண்டறிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு வரையிலும் பி16 அல்லது எம்.ஜி.எம்.டி மெத்திலேஷன் இருந்தது. படித்தவர்கள் எல்லாம் ‘இதோ வந்துவிட்டது’ என்றார்கள். பிறகு 2006-ல் கொலராடோவில், சளியை முன்கூட்டியே சேகரித்து, யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்த்த ஆய்வு வந்தது. ஆறு மரபணுக்களில் மூன்றோ அதற்கு மேலோ மெத்தில் ஏறியிருந்தால் ஆபத்து 6.5 மடங்கு. ஆனால் உணர்திறன் (நோயாளிகளைப் பிடிக்கும் விகிதம்) 64 விழுக்காடு, தனித்தன்மையும் (நோயில்லாதவர்களை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் விகிதம்) 64 விழுக்காடு. நோயாளிகளில் மூன்றில் ஒருவரை விட்டுவிடும், நோயில்லாதவர்களில் மூன்றில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் துறையின் வரலாறு இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான்.

ஷாக்ஸ்2: பெர்லினில் இருந்த எபிஜெனாமிக்ஸ் நிறுவனத்தார் வளர்த்த குறி. 2010-ல் மூச்சுக்குழாய் உறிஞ்சுநீரில் உணர்திறன் 68, தனித்தன்மை 95 விழுக்காடு. மறுவருடம் பிளாஸ்மாவில் 60, 90. கட்டிக்குப் பக்கத்து நீரிலிருந்து ரத்தத்துக்கு வந்ததும் இரண்டு எண்ணும் இறங்கியதைக் கவனியுங்கள். சீனாவில் ஷாக்ஸ்2-வோடு ஆர்.ஏ.எஸ்.எஸ்.எஃப்.1ஏ-வையும் சேர்த்துக் கழுவுநீரில் பார்க்கும் கிட் புழக்கத்தில் இருக்கிறது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் அந்த ஜோடிக்கு 81 விழுக்காடு உணர்திறன், 97.4 விழுக்காடு தனித்தன்மை.

சி.டி.ஓ.1, டி.ஏ.சி.1, சாக்ஸ்17: 2017-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சார்ந்த குழு, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத ஆரம்ப நிலை நோயாளிகள் 150 பேரிலும் நோயில்லாத 60 பேரிலும் பார்த்தது. பிளாஸ்மாவில் உணர்திறன் 93, தனித்தன்மை 62. இந்த எண்களுக்குப் படி 7-ல் திரும்ப வருவோம்.

ஏ.எச்.ஆர்.ஆர்: இது வேறு ஜாதி. கட்டியிலிருந்து வருவதல்ல, புகைப்பவரின் வெள்ளையணுக்களிலேயே இந்த மரபணுவில் மெத்தில் குறைகிறது, புகையை விட்டபின் வருடக்கணக்கில் மெதுவாகத் திரும்புகிறது. புற்றுநோய் வரும் ஆபத்தோடும் தொடர்பு இருக்கிறது. ‘எத்தனை வருஷமாக பீடி?’ என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் பதிலைவிட இது நேர்மையானது. ஆனால் இது காட்டுவது ஆபத்தை. நோய் வந்துவிட்டதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டையும் குழப்பும் விளம்பரங்கள் உண்டு.

படி 4: மாதிரி எடுப்பது

எங்கிருந்து எடுப்பது என்பதற்கு ஒரே விதிதான்: கட்டிக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு நல்லது, நோயாளிக்கு எவ்வளவு எளிதோ அவ்வளவு நல்லது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். கழுவுநீர் கட்டிக்குக் கிட்டே, ஆனால் குழாய் விட வேண்டும். ரத்தம் எளிது, ஆனால் 0.6. சளி நடுவில் நிற்கிறது. பெரிய மூச்சுக்குழாயில் வளரும் ஸ்குவாமஸ் வகைக்குச் சளி பொருந்தும். நுரையீரலின் ஓரத்தில் வளரும் அடினோகார்சினோமாவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. புகைக்காத பலருக்குச் சளியே வராது. ‘காறித் துப்புங்கள்’ என்றால் எச்சிலைத்தான் தருவார்கள். நுண்ணோக்கியில் நுரையீரலின் மேக்ரோஃபேஜ் செல் தெரிந்தால்தான் அது சளி. தெரியாவிட்டால் மாதிரியைத் திருப்பி அனுப்புங்கள்.

ரத்தம் என்றால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தம் உறையாமல் வைக்கும் சாதாரண ஈ.டி.டி.ஏ குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளையணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏவைக் கொட்டும். 6,000 என்பது 60,000 ஆகும், நம் 0.6 அப்படியே இருக்கும். ரசத்தில் தண்ணீர் ஊற்றிய கதை. தூரத்திலிருந்து மாதிரி வருவதானால் அணுக்களை உடையாமல் வைக்கும் ஸ்ட்ரெக் வகைக் குழாய் உண்டு. 14 நாள் வரை தாங்கும் என்பார்கள், ஆனால் 37 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியின் பின்பெட்டி எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை சுழற்றுங்கள். முதலில் 1,600 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 1,600 மடங்கு விசை) 10 நிமிடம், மேலே தெளிந்ததை எடுத்து 16,000 ஜி-யில் மறுபடி 10 நிமிடம். முதல் சுழற்சிக்குப் பின் பிளாஸ்மா எடுக்கும்போது நடுவே இருக்கும் வெண்படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். ‘கொஞ்சம் கூடக் கிடைக்குமே’ என்று பைப்பெட்டை இறக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஒரு துளியில் வருவது முழுக்க வெள்ளையணு டி.என்.ஏ.

பிரித்தெடுத்த டி.என்.ஏவின் துண்டு நீளத்தைப் பார்த்தால் மாதிரியின் யோக்கியதை தெரிந்துவிடும். பிளாஸ்மா டி.என்.ஏ சுமார் 167 எழுத்து நீளத்தில் குவியும். ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்தில் ஒரு மேடு தெரிந்தால், அது உடைந்த வெள்ளையணு.

படி 5: புள்ளியை எழுத்தாக மாற்றுவது

இங்கே ஒரு சிக்கல். டி.என்.ஏவைப் பெருக்க பி.சி.ஆர் செய்கிறோம். பி.சி.ஆர் எழுத்துகளை மட்டும்தான் நகலெடுக்கும், மெத்திலை எடுக்காது. ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்களே, அது மாதிரி முதல் நகலிலேயே புள்ளி போய்விடும். ஆகவே நகலெடுக்கும் முன்பே, புள்ளி இருந்ததா இல்லையா என்பதை எழுத்து வித்தியாசமாக மாற்றிவிட வேண்டும். சோடியம் பைசல்பைட் செய்வது அதைத்தான். மெத்தில் இல்லாத சி-யை அது யுராசிலாக மாற்றுகிறது, பி.சி.ஆரில் அது டி-யாகப் படிக்கப்படும். மெத்தில் இருக்கும் சி அப்படியே சி.

பத்து எழுத்தில் செய்து பார்ப்போம். மூலம்:

ஏ-சி-ஜி-டி-சி-சி-ஏ-ஜி-சி-ஜி

இதில் இரண்டு சிபிஜி: இரண்டாம் எழுத்தில் ஒன்று, ஒன்பதாம் எழுத்தில் ஒன்று. கட்டியிலிருந்து வந்து இரண்டிலும் மெத்தில் இருந்தால், பைசல்பைட்டுக்குப் பின்:

ஏ-சி-ஜி-டி-டி-டி-ஏ-ஜி-சி-ஜி

வெள்ளையணுவிலிருந்து வந்து மெத்தில் இல்லையென்றால்:

ஏ-டி-ஜி-டி-டி-டி-ஏ-ஜி-டி-ஜி

நடுவே ஐந்தாம், ஆறாம் இடங்களில் இருந்த சி இரண்டும் இரண்டு வரிசையிலும் டி ஆகிவிட்டன, பார்த்தீர்களா? அவை சிபிஜி அல்ல, மெத்தில் இருக்க வாய்ப்பில்லை, மாறியே ஆக வேண்டும். அவை மாறாமல் நின்றால் வேதிவினை சரியாக நடக்கவில்லை என்று பொருள். நாம் கேட்காமலே கிடைக்கும் காவல்காரர்கள் அவர்கள். நூற்றுக்கு 99-க்கு மேல் மாறியிருக்க வேண்டும். நான் பழகிய ஓர் ஆய்வகத்தில் ஒரு முறை வாரம் முழுக்க எல்லா மாதிரியும் பாசிட்டிவ். கொண்டாட்டம்தான். பிறகு பார்த்தால் பைசல்பைட் கரைசல் பழசு. சி எல்லாம் சி-யாகவே நின்றிருந்தன.

பைசல்பைட்டின் பெரிய குறை, டி.என்.ஏவைக் கண்டபடி உடைப்பது. கையிலிருக்கும் 6,000 பிரதிகளில் பெரும்பகுதி இந்தப் படியில் போய்விடலாம். நொதிகளை வைத்து மாற்றும் முறையும் இப்போது இருக்கிறது. டெட்2 நொதி மெத்தில் உள்ள சி-யைக் காப்பாற்றும், அபோபெக் நொதி மற்ற சி-களை மாற்றும். விலை கூட, இழப்பு குறைவு. பிளாஸ்மாவில் வேலை செய்கிறவர் அந்த விலையைக் கொடுக்கலாம். கழுவுநீரில் டி.என்.ஏ தாராளம், பைசல்பைட்டே போதும்.

படி 6: அளப்பது

ஒன்றிரண்டு குறிகள் என்றால் மெத்திலேஷனுக்கான பி.சி.ஆர். 1996-ல் ஹெர்மன், பேலின் குழு கொண்டுவந்தது. மேலே உள்ள மெத்தில் உள்ள வரிசைக்கு மட்டும் பொருந்தும் பிரைமரைப் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏத் துண்டு) போட்டால் மெத்தில் உள்ள துண்டு மட்டும் பெருகும். கூடவே ஏ.சி.டி.பி போன்ற ஒரு பொது மரபணுவின் சிபிஜி இல்லாத பகுதியையும் ஓட்டுங்கள். அது வராவிட்டால் மாதிரியே சரியில்லை, ‘நெகட்டிவ்’ என்று எழுதக் கூடாது. ஒரே மாதிரியை மூன்று தனிக் குழாயில் ஓட்டுவதற்கும் காரணம் நம் கணக்குதான்: ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கிறதென்றால் அது எந்தக் குழாயில் விழும் என்பது குலுக்கல்.

மாதிரியை இருபதாயிரம் நுண்துளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே பி.சி.ஆர் நடத்தும் டிஜிட்டல் பி.சி.ஆர், இந்தக் குலுக்கலை எண்ணிக்கையாக மாற்றும். ‘ஏதோ கொஞ்சம் இருக்கிறது’ என்பதற்குப் பதில் ‘மூன்று துளி’ என்று சொல்லும்.

நூற்றுக்கணக்கான இடம் என்றால் சீக்வென்சிங், அதாவது டி.என்.ஏவை எழுத்தெழுத்தாகப் படிப்பது. கிரெய்ல் நிறுவனத்தின் கேலரி டெஸ்ட் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிகளில் சுமார் 11 லட்சம் சிபிஜிகளைப் பார்க்கிறது. இதில் அழகான விஷயம், ஒவ்வொரு துண்டையும் தனியாகப் படிப்பது. ஒரே துண்டில் அடுத்தடுத்து ஐந்தாறு சிபிஜியிலும் மெத்தில் இருந்தால் அது தற்செயலாக நடந்திருக்காது. ஆனால் ஒரு துண்டின் இழைகள் சரியாகப் பிரியாமல் பைசல்பைட்டிலிருந்து மொத்தமாகத் தப்பியிருந்தாலும் இப்படியே தெரியும். அதே துண்டில் சிபிஜி அல்லாத சி-கள் மாறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

படி 7: எண்களைப் பேச வைப்பது

இப்போது அந்த 93-ம் 62-ம். கடும் புகைப்பழக்கம் உள்ள 10,000 பேரை எடுங்கள். நூற்றில் ஒருவருக்கு நோய் என்று கொண்டால் 100 நோயாளிகள், 9,900 நோயில்லாதவர்கள். உணர்திறன் 93 என்றால் 93 பேரைப் பிடிக்கிறோம், பிரமாதம். தனித்தன்மை 62 என்றால் மீதியில் 38 விழுக்காடு, அதாவது 3,762 பேருக்கும் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்த 41 பேரில் ஒருவருக்குத்தான் நோய். ஆராய்ச்சியாளர்கள் இதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே இருக்கிறது. தலைப்புச் செய்தியில் 93 மட்டும் வரும், அவ்வளவுதான்.

எதிர்முனையில் கேலரி. தனித்தன்மை 99.5 விழுக்காடு என்று வைத்தார்கள். 9,900 பேரில் தவறான பாசிட்டிவ் சுமார் 50 மட்டும். விலை எங்கே கொடுத்தார்கள்? 2021-ல் வெளியான ஆய்வில், நுரையீரல் புற்றுநோயின் முதல் நிலையில் உணர்திறன் 21.9 விழுக்காடு. இரண்டாம் நிலையில் 79.5, மூன்றாவதில் 90.7, நான்காவதில் 95.2. நம் 100 பேரும் முதல் நிலை என்றால் 78 பேர் கையை விட்டுப் போகிறார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் பிரிக்கும் வெட்டுக்கோட்டை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும், ஏனென்றால் குழாயில் இருக்கும் மூலக்கூறு அவ்வளவுதான்.

‘மொத்த உணர்திறன் 75 விழுக்காடு’ என்று யாராவது சொன்னால், எந்த நிலையில் என்று கேளுங்கள். நான்காம் நிலை நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்த டெஸ்டும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது கேள்விக்கு இதே கணக்கைப் போடுங்கள். பிராங்கோஸ்கோப் செய்யும் அளவுக்குச் சந்தேகம் உள்ள 1,000 பேர், அவர்களில் 300 பேருக்கு நோய் என்போம். 81-க்கு 97.4 என்ற ஜோடிக்குறியைக் கழுவுநீரில் ஓட்டினால் 243 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், தவறாகப் பிடிபடுவது 18 பேர். பாசிட்டிவ் வந்தால் நம்பி அடுத்த படிக்குப் போகலாம். ஆனால் நெகட்டிவ் வந்தவர்களில் 57 நோயாளிகள் ஒளிந்திருக்கிறார்கள். ஆகவே இங்கே நெகட்டிவை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

படி 8: ஒப்பிடும் ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது

2001-ல் மார்கரெட் பெப்பியும் மற்றவர்களும் புற்றுநோய்க் குறிகளுக்கு ஐந்து கட்டங்களை வகுத்தார்கள்: ஆய்வகத் தேடல், நோயாளிகளில் சரிபார்ப்பு, முன்பே சேமித்த மாதிரிகளில் பார்ப்பது, நேரடிப் பரிசோதனை, கடைசியாகச் சாவு குறைகிறதா என்று பார்ப்பது. நீங்கள் படிக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இரண்டாம் கட்டத்தில் நிற்கும். அங்கே கவிழ்ப்பது ஒப்பிடும் குழு.

எங்களிடம் ஒரு மாணவர் ஒருமுறை மகிழ்ச்சியாக ஓடி வந்தார். “சார், கன்ட்ரோல் எல்லாமே சுத்தமா நெகட்டிவ்.” யார் கன்ட்ரோல் என்று கேட்டேன். “நம்ம டிபார்ட்மெண்ட் பசங்கதான் சார், உடனே ரத்தம் குடுத்தாங்க.” நோயாளிகள் அறுபதைத் தாண்டியவர்கள், நாற்பது வருடப் புகை. ஒப்பிட்டது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு. வயது ஏறினாலே பல சிபிஜி தீவுகளில் மெத்தில் ஏறும். வயதையே மெத்திலேஷனை வைத்துக் கணிக்கிறார்கள், 2013-ல் ஹார்வத் அதற்குக் கடிகாரமே செய்தார். அதே வார்டில் நுரையீரல் அடைப்பு நோயோடு படுத்திருந்த, அதே வயது, அதே புகை, ஆனால் புற்று இல்லாதவர்களோடு மறுபடி ஒப்பிட்டோம். மூன்று குறிகளில் இரண்டு படுத்துவிட்டன.

இந்தியாவில் இதைச் செய்கிறவர் காசநோய் வந்து ஆறியவர்களையும் ஒப்பிடும் குழுவில் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது கேள்விக்குப் பதிலே கிடைக்காது. புகைக்காத பெண்களையும் சேர்க்க வேண்டும். பி16 போன்ற குறிகள் புகைப்பவர்களின் கட்டியில் அதிகம், புகைக்காதவர்களில் குறைவு. அமெரிக்க, ஐரோப்பியப் புகைப்பவர்களை வைத்துத் தேர்ந்தெடுத்த குறிப்பட்டியல் இங்கே அப்படியே எடுபடும் என்று எண்ணிவிடக் கூடாது.

படி 9: டெஸ்ட் எடுக்கலாமா என்று வீட்டில் யாராவது கேட்டால்

முதலில் கேட்டவரின் வயதையும் புகைப்பழக்கத்தையும் கேளுங்கள். அமெரிக்கப் பரிந்துரை, 50 முதல் 80 வயது, தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருடத்துக்குச் சமமான புகை, விட்டு 15 வருடம் தாண்டாதவர் என்றால் வருடம் ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சிடி. பீடிக்கட்டை இந்தப் பாக்கெட் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை, மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வரம்புக்குள் வருகிறவருக்கு ரத்த டெஸ்ட் ஸ்கேனுக்கு மாற்று அல்ல. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு இருக்கிறவருக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். அவர் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிகுறி எதுவும் இல்லாமல் ‘சும்மா ஒரு நிம்மதிக்கு’ எடுக்க நினைக்கிறவரிடம், பாசிட்டிவ் வந்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2023-ல் வெளியான பாத்ஃபைண்டர் ஆய்வில் 6,621 பேருக்குப் பல புற்றுநோய்களுக்கான மெத்திலேஷன் ரத்த டெஸ்ட் எடுத்தார்கள். 92 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது, 35 பேருக்குப் புற்றுநோய் உறுதியானது. மீதி 57 பேர் ஸ்கேன், மறு ஸ்கேன் என்று அலைந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற பதில் கிடைக்க 162 நாளோ அதற்கு மேலோ ஆனது.